ஒரு அன்ரனா, பல காம்பராக்கள்: குறைந்த செலவில் வானொலி மீடிறன் வலுப் பிரிப்பான்

க.பொ.த. சாதாரண தரம்: விஞ்ஞானமும் இலத்திரனியல் தொழினுட்பவியலும்
மின்னோட்டவியல், அலைகள் ஆகிய அலகுகளுக்கான துணைப்பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்

• சமாந்தரத் தடைகள் பற்றிய அறிவைக் கொண்டு ஒரு வலுப் பிரிப்பானுக்குத் தேவையான தடையிகளின் பெறுமானத்தைக் கணிப்பீர்கள்.
• ஒவ்வொரு பயப்புக்கும் எவ்வளவு வலு கிடைக்கும் எனக் கூறுவீர்கள்.
• மீடிறன், அலைநீளம், கதி ஆகியவற்றின் தொடர்பைப் பயன்படுத்தி கால் அலைத் துண்டின் நீளத்தைக் காண்பீர்கள்.
• ஓர் இடத்திற்கு எவ்வகைப் பிரிப்பான் பொருத்தமானது எனக் காரணத்துடன் விளக்குவீர்கள்.

1. பிரிக்க வேண்டிய தேவை

மாணவர்களே, பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. நமுனுகுல மலை 2000 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை ஆகிய பகுதிகளின் தோட்டங்களும் மேடும் பள்ளமுமான நிலத்திலேயே உள்ளன. இந்த நில அமைப்பு வானொலி அலைகளை எவ்வாறு பாதிக்கின்றது?

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமானது. பின்னர் நெடுங்காலம் மக்கள் கேட்ட மத்திய அலையில் 1 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய அலையின் அலைநீளம் 300 மீற்றர். இவ்வளவு நீண்ட அலை தரையைத் தொடர்ந்து சென்று மலைகளையும் ஓரளவு சுற்றி வளைந்து போகும். ஆனால் பண்பலை ஒலிபரப்பு 100 மெகாஹேட்ஸ் அளவில் நிகழ்கின்றது. அதன் அலைநீளம் 3 மீற்றர் மட்டுமே. தொலைக்காட்சி அலைகளுள் சில இதனிலும் குறுகியவை. குறுகிய அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால் மலைக்குப் பின்னால் அவற்றிற்கு நிழல் உண்டாகின்றது. 1982 பெப்ரவரி 15 இல் ஆரம்பித்த ரூபவாஹினியின் பரப்பி 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில் நிறுவப்பட்டதற்குக் காரணமும் இதுவே.

எனவே பள்ளத்திலுள்ள லயத்தின் கூரை மேல் அன்ரனாவை நட்டால் அலை கிடைப்பதில்லை. மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு மேலே ஓர் உயர்ந்த கம்பத்தில் நட்டால் கிடைக்கின்றது. ஆனால் காம்பராவுக்கொரு கம்பமும் காம்பராவுக்கொரு நீண்ட வடமும் வாங்குவது செலவான காரியம். ஒரே அன்ரனா, ஒரே வடம், லயத்தில் வந்தபின் பிரிப்பு என்பதே சிக்கனமான வழி.

இது பொழுதுபோக்குக்கான விடயம் மட்டுமன்று. பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயம் மிகுந்த மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகள் வானொலி, தொலைக்காட்சி மூலமாகவும் மக்களைச் சேர்கின்றன. ஒரு காம்பராவில் ஏற்படும் கோளாறு மற்றைய காம்பராக்கள் அனைத்தினதும் வானொலியை ஊமையாக்கிவிடாத வகையில் பிரிப்பான் அமைய வேண்டும்.

2. மீட்டல்

பின்வரும் மூன்று விடயங்களும் நீங்கள் ஏற்கனவே கற்றவை.

(அ) வலு = (வோல்ற்றளவு × வோல்ற்றளவு) ÷ தடை

(ஆ) சமமான இரு தடைகள் சமாந்தரமாக இணைந்தால் சமவலுத் தடை ஒன்றின் பாதியாகும். மூன்று எனின் மூன்றிலொன்றாகும்.

(இ) அலையின் கதி = மீடிறன் × அலைநீளம்

இவற்றுடன் புதிய சொல் ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சி அன்ரனாவிலிருந்து வரும் வட்டமான வயர் ஓரச்சு வடம் எனப்படும். கடையில் இதனைக் கோஎக்சியல் கேபிள் என்பர். நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதனைச் சுற்றிக் காவலி, அதன் மேல் பின்னப்பட்ட கம்பி வலை, வெளியே பிளாத்திக்கு உறை என்பன அதன் பகுதிகள். இவ்வடத்தில் செல்லும் உயர் மீடிறன் அலைக்கு வடம் காட்டும் வோல்ற்றளவு, மின்னோட்ட விகிதம் அதன் சிறப்பியல்புத் தடங்கல் எனப்படும். இதன் அலகும் ஓம் ஆகும். தொலைக்காட்சி வடத்திற்கு இது 75 ஓம். வடத்தின் நீளம் கூடினாலும் குறைந்தாலும் இப்பெறுமானம் மாறாது. பல்மானியால் இதனை அளக்கவும் முடியாது.

75 ஓம் வடத்தின் முடிவில் 75 ஓம் தடையுள்ள கருவி இணைந்திருந்தால் வரும் வலு முழுவதையும் கருவி ஏற்றுக்கொள்ளும். இதனைப் பொருத்தம் என்போம். தடை கூடினாலும் குறைந்தாலும் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். இது தெறிப்பு ஆகும். கயிற்றின் ஒரு நுனியைச் சுவரிற் கட்டி மறு நுனியை உதறினால் அலை சுவரில் மோதித் திரும்பி வருவதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

3. வயர்களை முறுக்கி இணைத்தால் என்ன நடக்கும்?

அன்ரனாவை ஒரு மின்கலமாகக் கருதுவோம். அதன் மின்னியக்க விசை 6 மில்லிவோல்ற்று எனவும் அகத்தடை 75 ஓம் எனவும் கொள்வோம்.

உதாரணம் 1: ஒரு வானொலி மட்டும் இணைந்திருத்தல்.
அகத்தடை 75 ஓம், வானொலி 75 ஓம். ஆகவே 6 மில்லிவோல்ற்று இரு சம பங்காகப் பிரிந்து வானொலிக்கு 3 மில்லிவோல்ற்று கிடைக்கும்.
வலு = (0.003 × 0.003) ÷ 75 = 0.00000012 வாற்று, அதாவது 0.12 மைக்குரோவாற்று.

உதாரணம் 2: இரு வானொலிகளின் வடங்களையும் வெறுமனே ஒன்றாக முறுக்கி இணைத்தல்.
சமாந்தரமான இரு 75 ஓம்களின் சமவலுத் தடை 37.5 ஓம்.
இணைப்பிலுள்ள வோல்ற்றளவு = 6 × 37.5 ÷ (75 + 37.5) = 2 மில்லிவோல்ற்று.
ஒவ்வொரு வானொலிக்கும் வலு = (0.002 × 0.002) ÷ 75 = ஏறத்தாழ 0.053 மைக்குரோவாற்று.
இது 0.12 இன் ஏறத்தாழ 44 வீதம் ஆகும். மொத்தமாக ஒன்பதில் எட்டுப் பங்கு வலு இரு வானொலிகளையும் சேர்கின்றது. எஞ்சிய ஒன்பதில் ஒரு பங்கு தெறித்து அன்ரனாவுக்கே திரும்புகின்றது.

"அப்படியானால் முறுக்கி இணைப்பதே போதுமே, 44 வீதம் நல்ல பங்குதானே" என நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. குறை வலுவின் அளவில் இல்லை. அது வேறு இரண்டு இடங்களில் உள்ளது.

முதலாவது, தெறித்த அலை வடத்தில் முன்னும் பின்னும் ஓடும். நீண்ட வடத்தில் இது சிறிது தாமதித்து மீண்டும் வந்து சேரும். அனலொக் தொலைக்காட்சியில் உருவத்தின் பக்கத்தில் மங்கலான இன்னோர் உருவம் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது குறை பெரிது. ஒரு காம்பராவில் வடத்தின் நடுக்கம்பியும் வலையும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் இணைப்புப் புள்ளியில் குறுஞ்சுற்று உண்டாகி மற்றக் காம்பராவுக்கும் பூச்சியமே கிடைக்கும். தொடாமல், வடத்தை வானொலியிலிருந்து கழற்றிவிட்டாலும் இது நிகழலாம். நுனி திறந்து தொங்கும் வடம் கால் அலைநீளம் கொண்டதாயின் அதன் மறு நுனி அந்த மீடிறனுக்குக் குறுஞ்சுற்றுப் போலவே நடந்துகொள்ளும். சாதாரண திண்மக் காவலியுள்ள வடத்தில் 100 மெகாஹேட்ஸ் அலைக்கு இந்நீளம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர். இதன் ஒற்றை மடங்குகளான 150, 250 சென்ரிமீற்றர் நீளங்களும் அவ்வாறே. பக்கத்துக் காம்பராவில் வயரைக் கழற்றியதும் நமது வானொலியில் ஓர் அலைவரிசை மட்டும் மறைந்து மற்றவை கேட்பதன் காரணம் இப்போது விளங்குகின்றதா?

4. மூன்று தடையிகளாலான பிரிப்பான்

உங்கள் குறிப்பேட்டில் ஒரு புள்ளியைக் குறித்து அதிலிருந்து மூன்று கைகளை நட்சத்திர வடிவில் வரையுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரே பெறுமானமுடைய ஒரு தடையி உள்ளது. ஒரு கையின் நுனி அன்ரனாவுக்கு, அதாவது பெய்ப்புக்கு. மற்றைய இரு நுனிகள் இரு வானொலிகளுக்கு, அதாவது பயப்புகளுக்கு. வடங்களின் கம்பி வலைகள் யாவும் ஒன்றாக இணைக்கப்பட வேண்டும்.

அன்ரனா வடம் 75 ஓமையே காண வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு தடையியின் பெறுமானம் "த" ஓம் எனக் கொள்க.

ஒரு பயப்புக் கையின் மொத்தத் தடை = த + 75
இரு கைகளும் சமாந்தரமாக = (த + 75) ÷ 2
பெய்ப்பில் காணும் தடை = த + (த + 75) ÷ 2 = 75
இரு பக்கங்களையும் 2 ஆற் பெருக்க, 3த + 75 = 150
ஆகவே த = 25 ஓம்.

உதாரணம் 3: இப்போது வானொலிகளுக்குக் கிடைக்கும் வலு.
பெய்ப்பில் 3 மில்லிவோல்ற்று.
நடுப்புள்ளியில் = 3 × 50 ÷ 75 = 2 மில்லிவோல்ற்று.
வானொலியில் = 2 × 75 ÷ 100 = 1.5 மில்லிவோல்ற்று.
வலு = (0.0015 × 0.0015) ÷ 75 = 0.03 மைக்குரோவாற்று.

0.12 இன் காற்பங்கு 0.03 ஆகும். இரு வானொலிகளுக்கும் சேர்த்துப் பாதி. மற்றப் பாதி எங்கே? சக்திக் காப்பு விதியின்படி அது அழிந்துவிடவில்லை. மூன்று தடையிகளிலும் வெப்பமாக மாறியது.

இந்தப் பாதி வலுவைக் கொடுத்து நாம் பெற்றது என்ன? ஒரு பயப்பில் குறுஞ்சுற்று ஏற்பட்டதாகக் கொள்வோம். அந்தக் கையில் 25 ஓம், நல்ல கையில் 100 ஓம். இவற்றின் சமாந்தரப் பெறுமானம் 20 ஓம். பெய்ப்புத் தடை 45 ஓம். பெய்ப்பில் 6 × 45 ÷ 120 = 2.25 மில்லிவோல்ற்று. நடுப்புள்ளியில் 2.25 × 20 ÷ 45 = 1 மில்லிவோல்ற்று. நல்ல வானொலிக்கு 1 × 75 ÷ 100 = 0.75 மில்லிவோல்ற்று. வழக்கமான 1.5 இன் பாதி இது. ஒலி சற்றுப் பலவீனமடையலாம், ஆனால் முற்றாக நின்றுவிடாது. முறுக்கி இணைத்த அமைப்பில் இதே சந்தர்ப்பத்தில் கிடைப்பது பூச்சியம் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. கடையில் 25 ஓம் கிடைக்காவிட்டால்

தடையிகள் குறிப்பிட்ட நியமப் பெறுமானங்களிலேயே விற்கப்படுகின்றன. சாதாரண கடைகளில் 22 ஓமும் 27 ஓமும் எளிதிற் கிடைக்கும். எதனைத் தெரிவது?

22 ஓம் எனின் பெய்ப்புத் தடை = 22 + 97 ÷ 2 = 70.5 ஓம்.
27 ஓம் எனின் பெய்ப்புத் தடை = 27 + 102 ÷ 2 = 78 ஓம்.

75 இலிருந்து முதலாவது 4.5 ஓமினாலும் இரண்டாவது 3 ஓமினாலும் விலகுகின்றன. ஆகவே 27 ஓம் சற்றுச் சிறந்தது. அதன் நிற வளையங்கள் சிவப்பு, ஊதா, கறுப்பு. இன்னும் நெருங்கிய பெறுமானம் வேண்டுமாயின் 47 ஓமையும் 56 ஓமையும் சமாந்தரமாக இணையுங்கள். 47 × 56 ÷ 103 = ஏறத்தாழ 25.6 ஓம்.

வலு மிகச் சிறிதாதலால் காற்பங்கு வாற்றுத் தடையி தாராளமாகப் போதும். காபன் படலத் தடையிகளையே பயன்படுத்துங்கள். கம்பி சுற்றிய தடையிகள் உண்மையில் சுருள்கள் ஆகையால் உயர் மீடிறனில் அவற்றின் தடங்கல் பெரிதும் கூடிவிடும்.

6. காம்பராக்கள் கூடும்போது

இதே முறையில் எத்தனை பயப்புகளுக்கும் கணிக்கலாம். பயப்புகளின் எண்ணிக்கையை "எ" என்க. ஒவ்வொரு கையின் தடையி = 75 × (எ − 1) ÷ (எ + 1).

2 பயப்புகள்: தடையி 25 ஓம், ஒவ்வொன்றுக்கும் வலு 4 இல் 1 பங்கு, வெப்பமாவது 2 இல் 1 பங்கு.
3 பயப்புகள்: தடையி 37.5 ஓம், ஒவ்வொன்றுக்கும் வலு 9 இல் 1 பங்கு, வெப்பமாவது 3 இல் 2 பங்கு.
4 பயப்புகள்: தடையி 45 ஓம், ஒவ்வொன்றுக்கும் வலு 16 இல் 1 பங்கு, வெப்பமாவது 4 இல் 3 பங்கு.

ஒழுங்கை அவதானித்தீர்களா? பங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கத்திற்கேற்ப ஒருவருக்குரிய வலு குறைகின்றது. நான்கு காம்பராக்களுக்குப் பிரிக்கும்போது வந்த வலுவில் காற்பங்கே காம்பராக்களைச் சேர்கின்றது. இரண்டிரண்டாக இரு கட்டங்களிற் பிரித்தாலும் விடை மாறாது, ஏனெனில் காற்பங்கின் காற்பங்கு பதினாறில் ஒன்றுதான். தடையிப் பிரிப்பான் இரண்டு, மூன்று பங்குகளுக்கு ஏற்றது. எட்டு, பத்து காம்பராக்களுள்ள லயத்திற்கு ஏற்றதன்று.

7. வலுவை வெப்பமாக்காமற் பிரித்தல்

(அ) கால் அலைத் துண்டு

75 ஓம் வடத்திற்கும் 37.5 ஓம் இணைப்புக்கும் இடையில் கால் அலைநீளமுள்ள வேறொரு வடத்துண்டை வைத்தால் தெறிப்பை நீக்கலாம். அத்துண்டின் இரு முனைகளிலும் தெறிப்பு உண்டாகின்றது. தொலை முனையிலிருந்து திரும்பும் அலை கால் அலைநீளம் சென்று கால் அலைநீளம் திரும்பி, மொத்தமாக அரை அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்கின்றது. ஆகவே ஒன்றின் முடி மற்றதன் தாழியுடன் சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன.

இதற்கு வேண்டிய தடங்கல் 75 × 37.5 இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 53 ஓம். கடையில் ஆர்.ஜி. 58 எனும் பெயரில் கிடைக்கும் 50 ஓம் வடம் இதற்கு மிக நெருங்கியது.

உதாரணம் 4: 100 மெகாஹேட்ஸ் அலைக்குத் துண்டின் நீளம்.
வடத்தினுள்ளே அலையின் கதி வெளியிலும் குறைவு. திண்மப் பொலித்தீன் காவலியுள்ள வடத்தில் அது ஏறத்தாழ செக்கனுக்கு 200 000 000 மீற்றர்.
அலைநீளம் = 200 000 000 ÷ 100 000 000 = 2 மீற்றர்.
கால் அலைநீளம் = 50 சென்ரிமீற்றர்.

இதனால் 75 ஓம் வடம் காணும் தடங்கல் 50 × 50 ÷ 37.5 = 66.7 ஓம். தெறிக்கும் வலு அரை வீதத்திற்கும் குறைவு. ஒவ்வொரு வானொலிக்கும் ஏறத்தாழ முழுப் பாதி கிடைக்கும். செலவோ அரை மீற்றர் வடம் மட்டுமே. ஆயினும் இது ஒரு குறிப்பிட்ட மீடிறனுக்கும் அதனைச் சூழ்ந்த மீடிறன்களுக்குமே பொருந்தும். ஒருவருடைய கோளாறு மற்றவரைப் பாதிப்பதையும் இது தடுக்காது.

(ஆ) ஃபெரைட் நிலைமாற்றிப் பிரிப்பான்

கடைகளில் சிறிய உலோகப் பெட்டியாக விற்கப்படும் ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் இவ்வகையே. உள்ளே சிறு ஃபெரைட் அகணிகளில் சில சுற்றுக் கம்பிகளே இருக்கும். ஒரு நிலைமாற்றி தடங்கலைப் பொருத்துகின்றது. மற்றது வலுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பயப்பிலிருந்து மற்றப் பயப்புக்குச் செல்லும் அலையைத் தடுக்கின்றது. பெட்டியின் மேல் 3.5 டெசிபெல் என அச்சிடப்பட்டிருக்கும். வலு பாதியானால் 3 டெசிபெல் இழப்பு, காற்பங்கானால் 6 டெசிபெல் இழப்பு. 3.5 டெசிபெல் என்பது ஒவ்வொரு பயப்புக்கும் ஏறத்தாழ 45 வீதம் கிடைப்பதைக் குறிக்கும். பரந்த மீடிறன் வீச்சில் இது வேலை செய்யும்.

(இ) வில்கின்சன் பிரிப்பான்

1960 இல் ஏர்னஸ்ட் வில்கின்சன் எனும் பொறியியலாளர் வெளியிட்ட அமைப்பு இது. இரு கால் அலைத் துண்டுகள் பெய்ப்பிலிருந்து இரு பயப்புகளுக்குச் செல்லும். பயப்புகளுக்கிடையே ஒரு தடையி இருக்கும். இரு பக்கமும் சமமாக இருக்கும்போது தடையியின் இரு முனைகளிலும் அழுத்தம் சமம். எனவே அதில் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை. ஒரு பக்கம் பழுதடைந்து தெறிப்பு ஏற்படும்போது மட்டும் தடையி அத்தெறிப்பை உறிஞ்சி மற்றப் பக்கத்தைக் காக்கின்றது.

50 ஓம் தொகுதியில் இதற்கு வேண்டிய துண்டின் தடங்கல் 50 × 1.414 = 70.7 ஓம், தடையி 100 ஓம். சாதாரண 75 ஓம் தொலைக்காட்சி வடமே 70.7 ஓமுக்குப் போதுமான அளவு நெருங்கியது. எனவே 50 ஓம் தொகுதிகளில் ஒரே அலையை இரு அன்ரனாக்களுக்குப் பகிரும் பிரிப்பானைத் தொலைக்காட்சி வடத்திலேயே மலிவாக அமைக்க முடியும். ஆனால் உரிமம் இன்றி வானொலி அலைகளைப் பரப்புவது இலங்கையில் சட்டவிரோதமானது. நீங்கள் செய்து பார்க்க வேண்டியது வாங்கிப் பகிரும் தொகுதியை மட்டுமே.

8. எதனைத் தெரிவு செய்வது?

• அலை பலமாகக் கிடைக்கும் மேட்டு லயத்தில் இரண்டு, மூன்று காம்பராக்கள்: தடையிப் பிரிப்பான். விலை மிகக் குறைவு, எல்லா மீடிறன்களுக்கும் பொருந்தும்.
• அலை பலவீனம், வேண்டியது பண்பலை மட்டும், இரு காம்பராக்கள்: கால் அலைத் துண்டு.
• நான்கோ அதற்கு மேற்பட்ட காம்பராக்கள்: நிலைமாற்றிப் பிரிப்பான். நான்குக்கு இரு கட்டங்களிற் பிரித்தால் 0.45 × 0.45, அதாவது ஏறத்தாழ 20 வீதம் ஒவ்வொருவருக்கும். தடையியாயின் 6.25 வீதமே.
• அதனாலும் போதாவிடின்: அன்ரனாவின் அருகிலேயே ஒரு விரியலாக்கி.

விரியலாக்கியை ஏன் கம்பத்தருகே வைக்க வேண்டும்? வடமும் வலுவை உட்கொள்கின்றது. ஆர்.ஜி. 6 வகை வடத்தில் 100 மெகாஹேட்ஸ் அலை ஏறத்தாழ 45 மீற்றர் சென்றதும் வலு பாதியாகிவிடும். மேட்டிலிருந்து லயம் வரையான வடத்திலும் பிரிப்பானிலும் நலிந்த அலையைப் பின்னர் பெருக்கினால் அதனுடன் இரைச்சலும் சேர்ந்து பெருகும். நலியுமுன் பெருக்குவதே முறை.

கவனிக்க: தட்டு அன்ரனாக்களுக்கு இப்பிரிப்பான்கள் பொருந்தா. அவற்றில் ஏறத்தாழ 950 முதல் 2150 மெகாஹேட்ஸ் வரையான அலை வடத்தில் இறங்க, அதே வடத்தில் நேரோட்ட மின்னும் மேலே செல்கின்றது.

9. செய்முறை: இரு காம்பராப் பிரிப்பான்

தேவையானவை: 27 ஓம் காபன் தடையிகள் 3, 75 ஓம் வடத்துண்டுகள், கழுவிய டின் மீன் தகரம், சோல்டரிங் அயன், ஈயம், பல்மானி.

(1) தகரத்தின் கூரான விளிம்புகளை மடித்து, மூன்று துளைகளுள்ள சிறு பெட்டியாக்குக.
(2) ஒவ்வொரு துளையூடாகவும் ஒரு வடத்தைச் செலுத்தி அதன் கம்பி வலையைத் தகரத்துடன் பற்றாசு பிடிக்க. தகரமே பொதுவான இணைப்பாகவும் வெளி அலைகளைத் தடுக்கும் கவசமாகவும் அமையும்.
(3) மூன்று தடையிகளின் ஒரு முனையை நடுவில் ஒன்றாக இணைத்து, மறு முனைகளை மூன்று நடுக்கம்பிகளுடன் இணைக்க. தடையிகளின் கால்கள் இயன்றளவு குட்டையாக இருக்க வேண்டும். நீண்ட கால் உயர் மீடிறனில் ஒரு சுருளாக நடந்துகொள்ளும்.
(4) வடங்களை அன்ரனாவுடனோ வானொலியுடனோ இணைக்குமுன் பல்மானியால் சோதிக்க. எந்த இரு நடுக்கம்பிகளுக்கிடையிலும் ஏறத்தாழ 54 ஓம் காட்ட வேண்டும். நடுக்கம்பிக்கும் தகரத்திற்கும் இடையில் தொடர்பு இருக்கக் கூடாது.
(5) மூடியிட்டு, மழை நீர் புகாதபடி கூரையின் கீழ் பொருத்துக.

பாதுகாப்பு: கம்பத்தை மின்கம்பிகளிலிருந்து விலக்கி நடுக. கம்பம் சாய்ந்தாலும் கம்பிகளில் முட்டாத தூரம் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊவாவில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். மேட்டிலுள்ள உலோகக் கம்பத்தைப் புவியுடன் இணைக்க வேண்டும். இடி கேட்கும்போது அன்ரனா, வடம், பிரிப்பான் எதையும் தொட வேண்டாம். இடி ஆரம்பிக்குமுன்னரே வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி வைப்பது நன்று. கம்பம் நடும் வேலையைப் பெரியவர்களின் துணையுடனேயே செய்க.

நினைவிற் கொள்க

• பிரிக்கும்போது ஒருவருக்குரிய வலு குறையும். எந்தச் சுற்றும் வலுவைப் படைப்பதில்லை.
• தடையிப் பிரிப்பான் வலுவை இழந்து பொருத்தத்தையும் பாதுகாப்பையும் பெறுகின்றது.
• கால் அலைத் துண்டு வலுவைக் காத்து, மீடிறன் வீச்சை இழக்கின்றது.
• இழப்பு எங்கே, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதே வடிவமைப்பு.

பயிற்சி

1. மூன்று 25 ஓம் தடையிகளாலான இருவழிப் பிரிப்பானில் ஒரு பயப்புக்குக் கிடைக்கும் வலு பெய்ப்பு வலுவின்
(1) 1/2 (2) 1/3 (3) 1/4 (4) 1/8

2. வடத்தில் அலையின் கதி செக்கனுக்கு 200 000 000 மீற்றர் எனின், 200 மெகாஹேட்ஸ் அலைக்குக் கால் அலைத் துண்டின் நீளம்
(1) 12.5 செ.மீ. (2) 25 செ.மீ. (3) 50 செ.மீ. (4) 100 செ.மீ.

3. ஒரு லயத்தின் மூன்று காம்பராக்களுக்குத் தடையிப் பிரிப்பான் அமைக்க வேண்டும்.
(அ) ஒவ்வொரு தடையியின் பெறுமானம் யாது?
(ஆ) கடையில் 39 ஓம் மட்டுமே உண்டு. பெய்ப்புத் தடையைக் காண்க.
(இ) 37.5 ஓம் தடையிகளைப் பயன்படுத்தும்போது பெய்ப்பில் 3 மில்லிவோல்ற்று எனின் ஒரு வானொலிக்குரிய வோல்ற்றளவு யாது?

4. முறுக்கி இணைத்த இரு வடங்களுள் ஒன்று வானொலியிலிருந்து கழற்றப்பட்டதும் மற்ற வானொலியில் ஓர் அலைவரிசை மட்டும் மறைந்தது. காரணத்தை விளக்குக.

விடைகள்

1. (3)

2. (2). அலைநீளம் 1 மீற்றர், அதன் காற்பங்கு 25 செ.மீ.

3. (அ) 75 × 2 ÷ 4 = 37.5 ஓம். (ஆ) 39 + 114 ÷ 3 = 77 ஓம். 75 இலிருந்து விலகல் 2 ஓம் மட்டுமே, ஆகவே பயன்படுத்தலாம். (இ) நடுப்புள்ளியில் 3 × 37.5 ÷ 75 = 1.5 மில்லிவோல்ற்று. வானொலியில் 1.5 × 75 ÷ 112.5 = 1 மில்லிவோல்ற்று.

4. கழற்றப்பட்ட வடத்தின் நுனி திறந்துள்ளது. அவ்வடத்தின் நீளம் அந்த அலைவரிசையின் கால் அலைநீளத்திற்கோ அதன் ஒற்றை மடங்கிற்கோ சமமாக இருந்தால் இணைப்புப் புள்ளியில் அது குறுஞ்சுற்றுப் போல நடந்துகொள்ளும். மற்றைய மீடிறன்களுக்கு அலைநீளம் வேறாதலால் அவை பாதிக்கப்படவில்லை.

பரீட்சைக் குறிப்பு: கணிப்பு வினாக்களில் அலகுகளைக் கட்டாயம் எழுதுங்கள். மில்லிவோல்ற்றை வோல்ற்றாக மாற்றிய பின்னரே வலுச் சமன்பாட்டில் பிரதியிடுங்கள். "காரணம் தருக" என வினவப்பட்டால் விதியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாது, அவ்விதி அச்சந்தர்ப்பத்தில் எவ்வாறு பொருந்துகின்றது என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.